வீட்டுக் கடலை

போன வாரம் சுசித்ராவை அடுப்படி வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கையில் காலி முறம், மனசில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சேதி. இந்த வாரம் முழுக்க அவள் அங்கேயே நிற்கிறாள் என்று எத்தனை பேர் வருத்தப்பட்டீர்களோ. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. இன்றைக்கும் அவளுக்கு சுலபமான நாள் இல்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய சந்து ஒன்று. அங்கே கீழே தொட்டையனின் நிலக்கடலைக் கடை, மேலே அவர் வீடு. மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளியிலிருந்து சாக்கு சுமந்து வந்து முதலாளியானவர். மனைவி பசம்மா. மூத்தவன் சேகரன், கல்யாணம் தள்ளிக்கொண்டே போனவன், ஈரல் புற்றுநோயில் போய் இன்றோடு ஒரு வருஷம். இளையவன் கவின்ராஜ் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறான். அவன் மனைவிதான் நம் சுசித்ரா. இப்போது ஐந்து மாதம்.

சேகரன் ஒரு சொட்டு குடிக்காதவன். பீடி தொடாதவன். அவனுக்குப் போய் எப்படி இந்த நோய் என்று ஊரே கேட்டது.

பதில் கவின்ராஜுக்கும் சுசித்ராவுக்கும் மட்டும் தெரியும். அண்ணன் உடம்பில் இருந்த மஞ்சள்காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி என்பார்களே, அது தம்பி உடம்பிலும் இருக்கிறது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர் கேசவமூர்த்தி. சுசித்ராவுக்கு அது இல்லை. தடுப்பூசி போட்டாயிற்று. வீட்டில் எல்லார் ரத்தத்தையும் பார்த்துவிடச் சொன்னார். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை, பயப்படாதீர்கள் என்று சொன்னவர், "குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல காபிக்கு மேல ஒண்ணும் கிடையாது சார்."

"காபி தாராளமா குடியுங்க. சாப்பாடு எப்படி?"

கவின்ராஜ் பெருமையாகத்தான் வீட்டுக் கடலையைப் பற்றிச் சொன்னான். கடையில் பெண்கள் பொறுக்கும்போது முத்து முத்தானது விற்பனைச் சாக்குக்குப் போகும். கறுத்தது, சுருங்கியது, பூசணம் பிடித்தது எல்லாம் ஒரு டின்னில் விழுந்து மாடிக்கு ஏறும். விற்கிற சரக்கைத் தின்பவன் வியாபாரி இல்லை என்பது தொட்டையனின் சட்டம். அந்த டின்னைப் பசம்மா கழுவி, வெயிலில் போட்டு, கருக வறுத்து, மிளகாயோ வெல்லமோ சேர்த்துக் கசப்பை மறைத்துவிடுவாள். சட்னி, பொடி, உருண்டை, குழம்பு எல்லாம் அதில்தான். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கசப்புதான் அவர்கள் வீட்டு ருசி. ஓட்டல் கடலைச் சட்னி கவின்ராஜுக்குச் சப்பென்று இருக்கும்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தப் பூசணம் ஒரு விஷத்தை உண்டாக்கும். வறுத்தாலும் முழுசா போகாது. அது போய்ப் பிடிக்கற இடம் ஈரல். கிருமி தனியா இருந்தா ஒரு ஆபத்து. விஷம் தனியா இருந்தா ஒரு ஆபத்து. ரெண்டும் ஒரே ஈரல்ல சேர்ந்தா கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு."

"அப்ப எங்க அண்ணனுக்கு..."

"ஒருத்தரைக் காட்டி இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இனிமே உங்களுக்கு வேண்டாம்னு மட்டும் சொல்ல முடியும். உங்க ஈரல் இன்னிக்கு நல்லா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் பண்ணிப்போம். அதை இப்படியே காப்பாத்திக்கோங்க."

ஆஸ்பத்திரி வாசலில் கவின்ராஜ் மனைவியின் கையைப் பிடித்து மாதேஸ்வரன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். அம்மா காதுக்கு இது போகக்கூடாது. போகாமல் இருப்பதற்காக, அவன் தினமும் அந்தச் சட்னியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

சரி, இன்றைக்கு வருவோம்.

"அம்மணி, டின்னுல இருந்து ரெண்டு படி எடு," என்றாள் பசம்மா. தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டு. "சேகரனுக்கு உருண்டைன்னா உசுரு. கடிச்சா நொறுங்கோணும், அந்தப் பதத்துக்கு வறுக்கோணும்."

சுசித்ரா டின்னைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாலே ஒரு பழைய சாக்கு வாடை வரும்.

"அத்தை, படத்துக்குப் பூ வரலையே. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"பூக்காரி வருவா."

"நேத்து அவகிட்ட வாங்கினது வாடிப் போயிருந்துச்சு அத்தை."

"சரி, வெரசலா வந்துரு. வாயும் வயிறுமா வெயில்ல நிக்காத."

அந்த வீட்டிலிருந்து வெளியே போக ஒரே வழி, கடை வழி. மாடிப்படி இறங்கினால் நேராகக் கல்லாப்பெட்டி. கல்லாவில் மாமனார்.

"எங்க அம்மணி?"

"பூ வாங்க மாமா."

"நல்லாப் பேரம் பேசி வாங்கு. சேகரன் இருந்தா பேசியே பூக்காரிய அழ வெச்சிருப்பான்," என்று சொன்னவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைத் தட்டினார்.

போன வாரம் அவரிடமே கேட்டுப் பார்த்தாள். மாமா, நல்ல கடலை கொஞ்சம் மேலே அனுப்புங்களேன் என்று. அவர் சிரித்து, பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா, என்ற மருமக அரமனையில பொறந்தவ. நமக்குத்தான் தெரியாமப் போச்சு," என்றார். பெண்களும் சிரித்தார்கள். அதற்குமேல் என்ன கேட்பாள்?

அதனால் இன்று அவள் ஆட்டோ பிடித்து தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனாள். பூ வாங்கினாள். பிறகு, ஒரு நிலக்கடலை வியாபாரியின் மருமகள் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தாள். வேறொரு கடையில் கடலை வாங்கப் போய் நின்றாள்.

"உரிச்ச கடலை ரெண்டு கிலோ. பூசணம் இல்லாததா, புதுசா."

கடைக்காரர் நஞ்சுண்டசாமி, விபூதி நெற்றியும் மூக்குக் கண்ணாடியுமாக நிமிர்ந்தார். "பூசணமா? நம்ம அங்கடியில அது இல்லம்மா. கையில போட்டு நோடி."

பார்த்தாள். ரோஜா நிறம், ஒரே அளவு. இத்தனை நாள் கடலைக் கடைக்கு மேலேயே குடியிருந்தும் அவள் வாயில் போட்டுக்கொள்ளாத கடலை.

"எந்த ஏரியாம்மா?"

"குவெம்பு நகர்," என்றாள். அங்கேதான் அவள் பிறந்த வீடு. பாதிப் பொய்தான்.

"எதுக்கு, உப்பிட்டு, உப்புமாவுக்கா?"

"உருண்டைக்கு."

"ஆகலி, ஆகட்டும். நல்லா வரும்," என்று கட்டிக் கொடுத்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பையில் பூவுக்கு அடியில் கடலையை வைத்து மாமனாரைத் தாண்டி மாடி ஏறினாள். அத்தை இன்னும் பூஜை அறையில் இருந்தாள். டின்னிலிருந்து இரண்டு படி எடுத்துக் காலி மாவு டப்பாவில் ஒளித்தாள். வாங்கி வந்ததை வாணலியில் கொட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு கொஞ்சம் நேராக வந்தது. இன்று ஒரு நாளாவது கவின்ராஜ் நல்லதைத் தின்பான்.

பசம்மா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசம் இது?"

"கடலைதான் அத்தை."

"இது நம்ம கடலை இல்லியே."

சூட்டோடு சூடாக வாணலியில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். தேய்த்துத் தோலை ஊதினாள். இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தாள். அடுப்படியில் ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தக் கொஞ்சம் வெளிச்சம் அவளுக்குப் போதும்.

"ஒரு சொத்தை இல்ல, ஒரு சுருங்கல் இல்ல. கீழ இருந்து அள்ளீட்டு வந்தியா? மாமாவுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று சுசித்ரா யோசிப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். தொட்டையன் கையில் போனோடு வந்து நின்றார்.

"நஞ்சுண்டசாமி கூப்பிட்டான்," என்றார். குரல் உயரவில்லை. "தொட்டையா, கடைய மூடிட்டயா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்கறான். உன்ற மருமக வந்து பூசணம் இல்லாத கடலை வேணும்னு கேட்டு வாங்கீட்டுப் போறாங்கன்னான். பூசணம் இல்லாத. அத மட்டும் ரெண்டு வாட்டி சொன்னான்."

சுசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்யாணத்துல பந்தியில உக்காந்து தின்னவன் அம்மணி. பொண்ணு மொகம் மறப்பானா?"

பசம்மா அடுப்பை அணைத்தாள். அவள் கத்தியிருந்தால் சுசித்ராவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்தக் கையால கழுவி, காய வெச்சு, வறுத்து, இத்தன வருசம் போட்டேன். ஒரு சீவன் வாயத் தொறந்து கொற சொன்னதில்ல. உன்ற கண்ணுக்குப் பூசணம் தெரியுதா?"

"அத்தை, உங்களைக் குறை சொல்லலை."

"அப்ப யார?"

"எம்பட சரக்கப் பத்தி யாராச்சும் உங்கிட்ட எதாச்சும் சொன்னாங்களா அம்மணி?" என்றார் தொட்டையன். "உள்ளதச் சொல்லு."

"இல்லைங்க மாமா."

"பொறவு எதுக்கு?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தொண்டை வரைக்கும் வந்த பதிலுக்குச் சத்தியம் பூட்டுப் போட்டிருக்கிறது. அப்போது படியேறி வந்தான் கவின்ராஜ், அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆபீஸ் சட்டையோடு. சுசித்ரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லுங்கள். இப்போதாவது சொல்லுங்கள்.

அவன் வாணலியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். ஷூவைக் கழற்றக் குனிந்தான்.

"மசக்கையா இருக்கும்ப்பா. எதையாவது பாத்தா வாங்கோணும்னு தோணுமில்ல."

அவ்வளவுதான். தொட்டையன் முகம் இளகிவிட்டது. "அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே ஒரு சாக்கு ஏத்தியிருப்பனே," என்று சிரித்தார். பசம்மாகூட, "அஞ்சு மாசத்துல என்ன மசக்க," என்று முணுமுணுத்துக்கொண்டே வாணலியில் இருந்ததைப் பையில் கொட்டி அவரிடம் நீட்டினாள். "கீழ கொண்டு போங்க. அவளுக்கு வேணும்னா தனியாத் திங்கட்டும். சேகரனுக்கு வேற ஆளு கடலையப் படைக்க மாட்டேன்."

டின் மறுபடியும் திறந்தது.

ஒரே வார்த்தையில் சுசித்ரா செய்த அத்தனையும் கர்ப்பிணியின் கிறுக்காகிவிட்டது. இனி அவள் எதைச் செய்தாலும், எதைத் தடுத்தாலும் அதற்குப் பெயர் தயாராக இருக்கிறது.

மொட்டைமாடிக் கொடியில் துணி எடுக்கிற சாக்கில் இருவரும் நின்றார்கள். பேசியது தாழ்ந்த குரலில்தான். அந்தத் தெருவில் மாடிக்கு மாடி கை நீட்டினால் எட்டும்.

"மசக்கையா?" என்றாள்.

"வேற என்ன சொல்றது, நீயே சொல்லு."

"இன்னிக்கு அந்த உருண்டையை நீங்க தொடக்கூடாது."

"ஒண்ணே ஒண்ணு. அண்ணன் பேருக்கு."

"நேத்து சட்னி யார் பேருக்கு? முந்தாநாள் பொடி யார் பேருக்கு?"

"கொஞ்சமாத்தான சுசி போட்டுக்கறேன். ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிராது."

"ஒரு ஒரு நாளா சேர்ந்துதானே உங்க அண்ணன்..."

நிறுத்திக்கொண்டாள். அவன் ஈரத் துண்டை உதறிக்கொண்டே சொன்னான்: "பாத்தியா. எங்கிட்டயே உன்னால அத முழுசாச் சொல்ல முடியல. அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ?"

அவள் கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினாள்.

"அண்ணன் போனதும் அவ சோறு தண்ணி இல்லாம இந்தக் கைப்பிடிச் சுவர்ல வந்து உக்காந்துக்குவா. ஞாபகம் இருக்குதா? நான் எதையாச்சும் தப்பா ஆக்கிப் போட்டுட்டனாடான்னு கேட்டா. இல்லம்மான்னு சொன்னேன். அதுக்குப் பொறவுதான் எந்திரிச்சுக் கீழ வந்தா. அந்த ஒரு 'இல்ல'யப் புடிச்சுட்டுத்தான் அவ இன்னிக்கு உசுரோட இருக்கறா. கிருமியும் அவகிட்ட இருந்து வந்தது, சோறும் அவ போட்டது. ரெண்டையும் அவ தலைல போடச் சொல்றியா?"

"அதுக்கு நீங்க சாகணுமா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். எங்க போய் சத்தமாப் பேசறதுன்னு ஒரு இடம் சொல்லுங்க, போறேன்."

குவெம்பு நகருக்கே போய்விடலாமா என்று அவள் நினைக்காத நாளில்லை. பிரசவம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவள் போய்விட்டால் அவன் தட்டைப் பார்க்க ஆள் ஏது? இப்போதாவது அவன் ஒரு கரண்டியோடு நிறுத்துகிறான். முறைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருப்பதால்.

கீழிருந்து பசம்மா கூப்பிட்டாள். "கவினு, இலை போட்டாச்சு. வாங்க."

சேகரன் படத்தில் மல்லிகை. அதன் முன்னால் தலைவாழை இலை. ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, வடை, நடுவில் அடுக்கி வைத்த கடலை உருண்டைகள். பாகு நல்ல பதம். உருண்டைகள் கறுப்பாக மினுமினுத்தன. தொட்டையன் கற்பூரம் காட்டினார். காக்காய்க்கு வைத்துவிட்டு வந்ததும் எல்லாரும் இலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பசம்மா பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படைத்த இலையிலிருந்து முதல் வாய், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவளுக்கு. போனவர் அந்த வயிற்றுக்குத் திரும்பி வருவார் என்று ஒரு நம்பிக்கை. காலையிலிருந்து மருமகள் மேல் இருந்த வருத்தமெல்லாம் கற்பூரத்தோடு போய்விட்டது போலிருந்தது. பசம்மா ஒரு உருண்டையை எடுத்து, பாதியாக உடைத்து, சுசித்ராவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆ காட்டு கண்ணு. என்ற மகன் திரும்பி இந்த வீட்டுக்கே வரோணும்."

அவள் கண் நிறைந்திருந்தது. அந்தக் கையைத் தள்ள யாரால் முடியும்?

சுசித்ரா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அது பணிவா பிடிவாதமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்கே தெரிந்திருக்காது.

கவின்ராஜ் பாய்ந்து அம்மாவின் கையைத் தட்டிவிட்டான்.

பலமாகத்தான் பட்டது. பசம்மாவின் வளையல் தரையில் இடித்தது. உருண்டை ஓடிப்போய்ப் படத்தின் காலடியில் நின்றது.

"என்றா பண்ற நீ?" என்றார் தொட்டையன்.

கவின்ராஜ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டர்... அவளுக்கு வேண்டாம்னு சொன்னாங்கப்பா. இந்த சமயத்துல."

"எந்த டாக்டரு?" பசம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "அவ பாக்கற டாக்டரம்மாவா, அண்ணன் போன பொறவு நீ போய்ப் பாத்த டாக்டரா?"

கவின்ராஜ் விழுந்து கிடந்த உருண்டையைப் பார்த்தான்.

"நீ தெனமும் திங்கற. காத்தால கூடத் தின்ன. அவ ஒரு வாய் திங்கக்கூடாதா?" மருமகள் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "அம்மணி, எதுக்கு வெளியக் கடலை வாங்கப் போன?"

சுசித்ரா கணவனைப் பார்த்தாள்.

"சத்தியம் வாங்கீட்டானா?"

கண்ணீர்தான் வந்தது. பசம்மாவுக்கு அது போதும். தலையாட்டிக்கொண்டாள்.

"சரி, நீ சொல்ல வேண்டாம். கவினு, கீழ விழுந்தத எடு. எடுத்து நீ தின்னு."

"பசம்மா, தூசு பட்டத எதுக்கு..." என்றார் தொட்டையன்.

"நீங்க சும்மா இருங்க. தின்னு கண்ணு. தெனமும் திங்கறது தான."

கவின்ராஜ் குனிந்து எடுத்தான். ஊதினான். இப்போதும் அம்மாவைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான், பாவம். வாய்க்குக் கொண்டுபோனான். சுசித்ரா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு அம்மணி."

"மாட்டேன் அத்தை."

அவன் வாய்க்கருகே நின்ற அந்த இரண்டு கைகளையும் பசம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல மகன் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க," என்றாள் கணவரிடம், சாதாரணமாக. "சேகரன் எப்பத்திலிருந்து ஜோப்புல கடலை போட்டுட்டுத் திரிவான்?"

தொட்டையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூத்தவன் பேச்சு என்றதும் முகத்தில் ஒரு மலர்ச்சி. "ஒண்ணாங் கிளாஸுல இருந்தே. நீதான ரெண்டு ஜோப்பும் ரொப்பி அனுப்புவ. டவுசரெல்லாம் எண்ணெக் கறைன்னு வாத்தியாரு திட்டுவாரு. கெட்டிக்காரப் பய, பாடம் நடக்கறப்பவே தின்னு முடிச்சிருவான்."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

பசம்மா எழுந்தாள். இலையிலிருந்த உருண்டைகளை ஒன்றுவிடாமல் முந்தானையில் போட்டுக்கொண்டாள். அடுப்படிக்குள் போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"பசம்மா?" என்றார் தொட்டையன். "என்னடா நடக்குது இந்த வீட்டுல?"

கவின்ராஜ் கதவைத் தட்டினான். "அம்மா, கதவத் தொற. அம்மா, நீ நெனைக்கறாப்பல ஒண்ணுமில்ல." தட்டத் தட்ட அவன் குரல் சிறுபிள்ளைக் குரலாகிக்கொண்டு வந்தது. கடைசியில் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். "சுசி, சத்தியமெல்லாம் இருக்கட்டும். நீ சொல்லீரு. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

இத்தனை நாளாக அவள் காத்துக்கிடந்த அனுமதி. கிடைத்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. யார் மேலும் தப்பில்லை என்று தொடங்குவதா? இதனால்தான் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை என்பதா? சொன்னால் அந்தத் தாய் நம்புவாளா?

கதவில் காதை வைத்தாள். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. வேறொரு சத்தம் கேட்டது. கடித்து, நொறுக்கி, மென்று, விழுங்கி, மறுபடியும் கடிக்கிற சத்தம்.

அந்த வீட்டில் எல்லார் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னாரே டாக்டர், பசம்மாவின் ரத்தத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை. சுசித்ராவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"அத்தை, வாயில இருக்கறதை முதல்ல துப்புங்க. எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணு விடாம நானே சொல்றேன். துப்பிட்டு, கதவைத் திறங்க."

மெல்லும் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கிட்டத்தில், பசம்மாவின் குரல் வந்தது.

"தொறக்க மாட்டேன். அங்கிருந்தே சொல்லு."